படச் சமிக்ஞையைப் பற்றும் கையடக்க ஸ்கானர்: ஒரு தெரிவின் வரலாறு

ஸ்கானர் என வழங்கப்படும் வானொலி வாங்கி பொதுமக்களுக்கான ஒலிபரப்பைக் கேட்பதற்கென ஆக்கப்பட்டதன்று. பொலிசார், தீயணைப்புப் படையினர், விமானிகள், மாலுமிகள், வாடகைக் கார்ச் சாரதிகள் ஆகியோர் தத்தம் அலுவல் நிமித்தம் பேசிக்கொள்வனவற்றை, மீடிறன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துருவிச் சென்று, சமிக்ஞை உள்ளவிடத்துத் தரித்து நின்று செவிமடுக்கச் செய்வதே அதன் தொழில். இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இவ்வகைக் கருவிகளுட் சில கேட்பதோடமையாது காணவும் தலைப்பட்டன. சட்டைப் பையில் அடங்கும் கருவியொன்று, பேச்சை மட்டுமன்றிப் படத்தையும் வானலையிலிருந்து பற்றித் தன் சிறு திரையிற் காட்டிற்று. அத்தகைய கருவிகளுள் எதனைத் தெரிவு செய்வது என்பது மேலோட்டமாக நோக்குவார்க்குக் கடைத்தெருக் கேள்வியே. ஆயினும், வாங்குபவன் கடை வாசலை மிதிக்கு முன்னரே அத்தெரிவின் பெரும்பகுதியை வேறு சிலர் செய்து முடித்திருந்தனர் என்பதை அக்கருவியின் வரலாறு காட்டுகின்றது. அச்சிலருள் சட்டம் இயற்றியோரும் உளர். சமிக்ஞையைச் செலுத்தியோரும் உளர்.

தொடக்ககால ஸ்கானர்கள் பளிங்குகளை நம்பி வாழ்ந்தன. கேட்க விரும்பும் ஒவ்வொரு மீடிறனுக்கும் அதற்கென வெட்டப்பட்ட பளிங்குத் துண்டொன்றை விலைகொடுத்து வாங்கிக் கருவியினுட் பொருத்துதல் வேண்டும். எட்டுப் பளிங்குகள் உள்ளவன் எட்டு இடங்களையே கேட்டான். எதனைக் கேட்கப் போகிறோம் என்பதை முன்னரே அறிந்திருந்தவனுக்கு மட்டுமே அக்கருவி பயன்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் இந்நிலை மாறிற்று. மீடிறனைக் கருவியே தொகுத்து ஆக்கும் இலத்திரனியற் சுற்றுக்களும், அவற்றை நெறிப்படுத்தும் நுண்செயலிகளும் மலிவாகக் கிடைத்தன. ஐக்கிய அமெரிக்காவின் 'பெயார்கட்' வரிசைக் கருவிகளைப் போன்றவை பளிங்குகளைக் கைவிட்டன. இலக்கத்தை அழுத்தினாற் போதும் என்றாயிற்று. இது வெறும் வசதி மாற்றமன்று. அறியாததைத் தேடிச் செல்லும் ஆற்றல் அன்றுதான் சாதாரண மனிதனின் கைக்கு வந்தது. பின்னாளில் எழுந்த வழக்குகளுக்கும் சட்டங்களுக்கும் வித்து இதுவே.

வானலையில் வரும் பிறர் பேச்சைக் கேட்பது குற்றமா என்பதில் நாடுகள் ஒருமித்து நின்றதில்லை. பிரித்தானியாவின் 1949 ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தன் ஐந்தாம் பிரிவில், அதிகாரம் பெறாத ஒருவர் செய்தியொன்றின் உள்ளடக்கத்தை அறியும் நோக்குடன் வாங்கியைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கிற்று. 1950 இல் யப்பானில் இயற்றப்பட்ட வானலைச் சட்டத்தின் 59 ஆம் உறுப்புரை, கேட்டதைப் பிறருக்கு வெளிப்படுத்துவதையும் பயன்படுத்துவதையும் தடுத்தது. காதில் விழுவதை அது தடுக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் 1934 ஆம் ஆண்டுத் தொடர்பாடற் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியிலேயே சென்றது. வானலை எல்லார் வீட்டுக் கூரையின் மேலாகவும் செல்கின்றது. ஆதலின் அதனைப் பற்றுவது எவர்க்கும் இயல்பு, அதனை விற்பதும் ஏவுவதுமே தீது என்பது இச்சட்டங்களின் உட்கிடை. ஸ்கானர் உற்பத்தியில் யப்பான் முதலிடம் பெற்றமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். தன் வீட்டிற் சட்டத்தின் நெருக்கடி குறைவாக இருந்தமையும் அவற்றுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

அமெரிக்க நிலைப்பாட்டைத் தலைகீழாக்கியது செல்லிடத் தொலைபேசி. 1980களிற் பரவிய முதற்றலைமுறைச் செல்லிடத் தொலைபேசிகள் 800 மெகா ஹேட்ஸை அடுத்த பட்டையில் எவ்வித மறைகுறியாக்கமும் இன்றி, சாதாரண வானொலிப் பேச்சாகவே தம் உரையாடல்களைச் செலுத்தின. அப்பட்டையைத் துருவவல்ல எந்த ஸ்கானரும் அவற்றைக் கேட்கும். பேச்சை மறைத்து அனுப்பும்படி தொலைபேசி நிறுவனங்களைப் பணித்திருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. 1986 ஆம் ஆண்டின் இலத்திரனியற் தொடர்பாடல் அந்தரங்கச் சட்டம் செல்லிடப் பேச்சை இடைமறித்துக் கேட்பதைக் குற்றமாக்கிற்று. 1992 ஆம் ஆண்டின் சட்டமொன்று மேலும் ஒருபடி சென்று, அப்பட்டையைக் கேட்கவல்ல ஸ்கானர்களை உற்பத்தி செய்வதற்கும் இறக்குமதி செய்வதற்குமே தடை விதிக்க வழிகோலியது. 1994 ஏப்ரிலில் அத்தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்ட ஸ்கானர்களில் 824 முதல் 849 வரையும், 869 முதல் 894 வரையுமான மெகா ஹேட்ஸ் பகுதிகள் வெட்டுண்டு கிடந்தன. அதே கருவி பிற நாடுகளில் வெட்டின்றி விற்பனையாயிற்று. தடை வருவதற்கு முன்னரே சில உற்பத்தியாளர் தாமாக இப்பகுதியைப் பூட்டி வைத்ததுண்டு. ஆயின் உள்ளேயிருந்த டயோட் ஒன்றை நறுக்கிவிட்டாற் பூட்டுத் திறந்துகொள்ளும் என்பது ஆர்வலர் அனைவரும் அறிந்த இரகசியமாக இருந்தது.

இவ்வாறான சட்டம் எவரைக் காத்தது என்பதற்கு 1996 டிசம்பர் 21 ஆம் திகதி நிகழ்ந்ததொன்று சான்று. அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நியூட் கிங்ரிச் தம் கட்சித் தலைவர்களுடன் தொலைபேசிக் கூட்டமொன்றை நடத்தினார். அவர் மீதான ஒழுக்காற்று விசாரணையின் முடிவை எவ்வாறு எதிர்கொள்வது என்பதே அதன் பொருள். கூட்டத்திற் பங்குபற்றியோருள் ஒருவரான ஜோன் பெய்னர் புளோரிடாவில் காரிலிருந்தவாறு செல்லிடத் தொலைபேசியிற் பேசினார். அப்பேச்சு அம்மாநிலத்துத் தம்பதியர் இருவரின் ஸ்கானரில் விழுந்தது, ஒலிநாடாவிற் பதிவாயிற்று, மறு கட்சி உறுப்பினரொருவர் கைக்குச் சென்று, 1997 ஜனவரியில் நாளிதழில் வெளிவந்தது. தம்பதியர்க்குத் தலா 500 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அரசியல்வாதிகளுக்கிடையிலான வழக்கோ பத்தாண்டுகள் நீடித்தது. மறைகுறியாக்கம் இன்றி அப்பேச்சை ஊரெல்லாம் தூவிய தொலைபேசி முறைமையைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. பெற்றவனைத் தண்டித்துச் செலுத்தியவனை மன்னிக்கும் இப்போக்கு படச் சமிக்ஞையின் காலத்திலும் தொடர்ந்தது என்பது இக்கட்டுரையின் மையமாகும்.

பேச்சைப் பற்றுவதினும் படத்தைப் பற்றுவது பன்மடங்கு கடினம். வானொலிப் பேச்சுக்கு 25 கிலோ ஹேட்ஸ் அகலமுள்ள பாதை போதுமானது. அமெரிக்க முறைத் தொலைக்காட்சி அலைவரிசைக்கோ 6 மெகா ஹேட்ஸ், அஃதாவது அதனைப்போல 240 மடங்கு அகலம் வேண்டும். அத்துடன் திரையும், அதனை இயக்கும் மின்வலுவும் தேவை. சிறிய தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் முயற்சி நெடுங்காலமாகவே இருந்து வந்தது. 1977 இல் பிரித்தானியாவின் சிங்கிளெயர் நிறுவனம் இரண்டங்குலக் குழாயுடன் கூடிய கையடக்கப் பெட்டியொன்றை விற்றது. 1982 இல் சொனியின் 'வோச்மன்' வந்தது. அடுத்த ஆண்டு கசியோ திரவப் பளிங்குத் திரையுடன் சட்டைப்பைத் தொலைக்காட்சியை வெளியிட்டது. ஆயினும் இவையெல்லாம் நிலையங்கள் பொதுமக்களுக்கென அனுப்பிய நிகழ்ச்சிகளையே காட்டின. இவற்றின் வழியும் ஸ்கானரின் வழியும் இருபதாண்டுக் காலம் ஒன்றையொன்று தொடாமலே சென்றன.

இரண்டும் சந்தித்தது 2000 ஆம் ஆண்டளவில். யப்பானின் ஐகொம் நிறுவனம் வெளியிட்ட ஐ.சி. ஆர் 3 என்னும் கருவி, ஏறக்குறைய 0.5 மெகா ஹேட்ஸ் முதல் 2450 மெகா ஹேட்ஸ் வரை துருவவல்லது. இரண்டங்குல வண்ணத் திரையொன்று அதன் முகப்பில் இருந்தது. வெறும் ஒலியைக் கேட்கும்போது மின்கலத்தைச் சேமிக்குமாறு தனியே சிறு கறுப்பு வெள்ளைக் காட்டியொன்றும் உண்டு. வண்ணத் திரையை ஏற்றிவிட்டால் மின்கலம் விரைவில் வறண்டுபோகும் என்பது அதனைப் பயன்படுத்தியோரின் பொது முறைப்பாடு. கருவியின் தனிச்சிறப்பு திரையன்று. இருவகைப் படச் சமிக்ஞைகளை அது அறிந்துகொண்டமையே. தொலைக்காட்சி நிலையங்கள் அலையின் வீச்சை மாற்றிப் படத்தை அதன்மேல் ஏற்றுகின்றன. கம்பியில்லாக் கமராக்களும், 1.2 கிகா ஹேட்ஸ் பட்டையைக் கையாளும் பயில்முறைத் தொலைக்காட்சியாளர் பலரும் அலையின் மீடிறனை மாற்றிப் படத்தை ஏற்றுகின்றனர். முதல்வகையை மட்டும் அறியும் வாங்கி இரண்டாம் வகையின் முன் குருடு. ஐகொம் கருவி இரண்டையும் கண்டது. ஸ்கானர் தெரிவோர் அட்டையில் அச்சிட்ட மீடிறன் எல்லையை மட்டும் பார்த்து மயங்குவது வழக்கம். படத்தைப் பொறுத்தவரை எல்லையினும் ஏற்றும் முறையே முதலிற் கவனித்தற்குரியது.

அடுத்ததாக நாட்டு முறை. அமெரிக்காவும் யப்பானும் 525 கோடுகளாலான முறையைக் கையாண்டன. ஐரோப்பாவின் பெரும்பகுதியும் ஆசிய நாடுகள் பலவும் 625 கோடுகளாலான முறையைப் பின்பற்றின. அதனுள்ளும் ஒலிக்கும் படத்திற்கும் இடையிலான தூரம் 5.5, 6, 6.5 மெகா ஹேட்ஸ் என நாட்டுக்கு நாடு வேறுபட்டது. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் தொடங்கி 1982 இல் ரூபவாஹினியுடன் விரிந்த இலங்கைத் தொலைக்காட்சி 625 கோட்டு முறையைச் சார்ந்தது. ஆகவே நியூயோர்க்கில் வாங்கிய கருவியைக் கொழும்பிற் திறப்பவன், படம் உருண்டோடுவதையும் ஒலி ஊமையாவதையுமே காண்பான். அமெரிக்கப் பதிப்பிற் செல்லிடப் பட்டையும் வெட்டுண்டிருக்கும். ஒரே பெயருடைய கருவி விற்கும் நாட்டைப் பொறுத்து வெவ்வேறு கருவியாக இருந்தது.

இக்கருவி சந்தைக்கு வந்த வேளையும் நோக்கத்தக்கது. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் 2.4 கிகா ஹேட்ஸ் பட்டையில் இயங்கும் மலிவான கம்பியில்லாக் கமராக்கள் அமெரிக்க வீடுகளிற் பெருந்தொகையாகப் புகுந்தன. எக்ஸ் 10 என்னும் நிறுவனம் இணையத்திற் செய்த விளம்பரம் அக்காலத்தில் எல்லாரும் சலித்துக்கொள்ளும் அளவுக்கு ஓயாது எழுந்தது. குழந்தையின் தொட்டிலுக்கு மேலும், வீட்டு வாசலிலும், பணிப்பெண்ணைக் கண்காணிக்கவும் அக்கமராக்கள் பொருத்தப்பட்டன. தொட்டிலிலிருந்து வரவேற்பறைக்குப் படத்தைக் கொண்டுசெல்வதே நோக்கம். அலைக்கோ சுவர் தெரியாது. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் நான்கு அலைவரிசைகளே இருந்தன: 2414, 2432, 2450, 2468 மெகா ஹேட்ஸ். நான்கே கதவுகள், எதற்கும் பூட்டில்லை. ஐகொம் கருவியின் எல்லை 2450 உடன் முடிந்தமையால், நான்காம் அலைவரிசை அதற்கு எட்டவில்லை. கமராச் சமிக்ஞைகளை முழுமையாகத் துருவ விரும்பியோர் அதற்கெனவே செய்யப்பட்ட வாங்கிகளை நாட நேர்ந்தமைக்கு இச்சிறு இடைவெளியும் ஒரு காரணம்.

2002 ஏப்ரிலில் நியூயோர்க் டைம்ஸ் இதன் விளைவை வெளியிட்டது. அதன் செய்தியாளரும் தொழில்நுட்பம் அறிந்தோரும் எளிய கருவிகளுடன் நியூ ஜேர்சி மாநிலத்துப் புறநகரொன்றிற் காரிற் சென்று, தெருவிலிருந்தவாறே வீடுகளின் உட்புறத்தைத் திரையிற் கண்டனர். காத்தற்கென வைத்த கண் பிறர்க்குக் கண்ணாயிற்று. சட்டத்தில் இதற்கு விடை தெளிவாக இல்லை. 1986 ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் எளிதிற் பெறத்தக்கவாறு அமைந்த இலத்திரனியற் தொடர்பாடலைப் பெறுவது குற்றமன்று எனக் கூறிற்று. மறைகுறி இடப்படாத சமிக்ஞை எளிதிற் பெறத்தக்கது எனக் கொள்ளப்பட இடமிருந்தது. செல்லிடப் பேச்சுக்கு மட்டும் விசேட காவல் கிடைத்தது. தொலைபேசி நிறுவனங்களுக்குத் தலைநகரில் வாதாட ஆளிருந்தது. தொட்டிற் குழந்தைக்கு அது இல்லை. கமராவின் பெட்டியில் 'அயலாரும் பார்க்கக்கூடும்' என்றொரு வரியை அச்சிடச் செய்திருந்தாலே பாதி வீடுகள் தப்பியிருக்கும். ஸ்கானரைக் கையில் வைத்திருந்தவனைக் குற்றவாளியாக்குவது எளிதாக இருந்தமையால், அவ்வரியைப் பற்றி எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இக்கவனக்குறைவு வீட்டுச் சாமான்களோடு நின்றிருந்தால் அதனை மக்களின் அறியாமை எனத் தள்ளலாம். படைகளும் அவ்வாறே நடந்துகொண்டன என்பதே வியப்பு. 2002 ஜூனில், பிரித்தானியச் செய்மதி ஆர்வலரொருவர் போல்கன் பிரதேசத்தில் உளவு விமானங்கள் எடுத்த படங்களைச் சாதாரண செய்மதித் தட்டின் மூலம் தம் வீட்டிலிருந்தே கண்டதாகச் செய்தி வெளிவந்தது. ஏழாண்டுகள் கழிந்தபின், 2009 டிசம்பரில், ஈராக்கியக் கிளர்ச்சியாளர் 26 டொலருக்கும் குறைந்த விலையுடைய 'ஸ்கை கிராபர்' என்னும் கணினி நிரலைக் கொண்டு அமெரிக்க 'பிரிடேற்றர்' விமானங்களின் படங்களைப் பற்றியிருந்தமை வோல் ஸ்ட்ரீற் ஜேர்னல் ஏட்டால் அம்பலமாயிற்று. இக்குறை பொஸ்னியப் போர்க்காலம் முதலாகவே அமெரிக்கப் படையினருக்குத் தெரிந்திருந்தது எனவும் அச்செய்தி கூறிற்று. லெபனானில் 1997 செப்டெம்பர் 5 ஆம் திகதி அன்சாரியாக் கிராமத்தருகே இஸ்ரேலியக் கடற்படைக் கமாண்டோக்கள் பதுங்கித் தாக்கப்பட்டுப் பன்னிருவர் மாண்டனர். இஸ்ரேலிய ஆளில்லா விமானத்தின் மறைகுறி இடப்படாத படத்தை இடைமறித்தே அவர்களின் வழியை அறிந்ததாக ஹிஸ்புல்லாத் தலைவர் நஸ்ரல்லா 2010 ஆகஸ்டில் உரிமை கோரினார்.

ஸ்கானர் வாங்கியவனின் நிலையோ இதற்கிடையில் மாறிக்கொண்டிருந்தது. 2009 ஜூன் 12 ஆம் திகதி அமெரிக்காவின் முழுவலுத் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய ஒப்புமை முறை ஒளிபரப்பை நிறுத்தி இலக்கமுறைக்கு மாறின. யப்பானின் பெரும்பகுதி 2011 ஜூலை 24 இல் மாறிற்று. நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் பாதிக்கப்பட்ட மூன்று மாவட்டங்களுக்கு 2012 மார்ச் இறுதி வரை தவணை கிடைத்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஐக்கிய இராச்சியமும் மாற்றத்தை முடித்தது. ஐ.சி. ஆர் 3 பழுதடையவில்லை. அதன் திரையும் சுற்றுக்களும் வேலை செய்தன. செலுத்திகள் மௌனமாயின, அவ்வளவே. சொந்தக்காரர் கைவிடாத கருவியை வானலை கைவிட்டது. இலக்கமுறைச் சமிக்ஞையைத் துருவுவதும் முன்போல் எளிதன்று. படம் சுருக்கப்பட்டு, பொதியாக்கப்பட்டு, பெரும்பாலும் மறைகுறி இடப்பட்டு வருவதால், மீடிறனைக் கண்டுபிடிப்பது முதற்படி மட்டுமே. 2012 இல், கணினியிற் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட மலிவான செருகி ஒன்று எல்லாவித வானொலியையும் கேட்க உதவும் என ஆர்வலர் கண்டறிந்தமை ஸ்கானர் உலகைப் புரட்டிப்போட்டது. ஆயினும் அதனால் ஒரே வேளையிற் பற்ற இயன்ற அகலம் 2.4 மெகா ஹேட்ஸ் அளவே. முழுமையான வண்ணப் படமொன்றுக்கு அது போதாது. பேச்சைக் கேட்பவனுக்குச் செல்வம், படம் நாடுபவனுக்கு அரைவயிறு.

ஒப்புமைப் படம் இறந்துவிட்டது என எண்ணியிருந்த காலத்தில் அது வேறொரு பட்டையில் உயிர்பெற்றது. சிறு ட்ரோன்களை, அவற்றின் கமராக் கண்ணாலேயே பார்த்து ஓட்டும் விளையாட்டு 2010களிற் பரவிற்று. இலக்கமுறைப் படத்தைச் சுருக்கி விரிக்க நேரம் பிடிக்கும். விரைந்து பறக்கும் ட்ரோனுக்கு அத்தாமதம் மரத்தில் மோதுவதற்குப் போதுமானது. ஒப்புமைப் படம் தாமதிப்பதில்லை, மலிவானது, சமிக்ஞை நலியும்போது திடீரென மறையாமற் படிப்படியாகவே மங்குவது. ஆதலின் 5.8 கிகா ஹேட்ஸை ஒட்டி, 5645 முதல் 5945 மெகா ஹேட்ஸ் வரை நாற்பது அலைவரிசைகள் வழக்கிற்கு வந்தன. அவற்றுக்கும் பூட்டில்லை.

2022 பெப்ரவரியில் உக்ரேன் மீதான ரஷ்யாவின் முழுப் படையெடுப்பு தொடங்கியபின், இவ்விளையாட்டு ட்ரோன்கள் வெடிகுண்டு சுமந்து படைக்கருவியாயின. அவற்றோடு கையடக்கப் பட ஸ்கானரும் போர்க்களம் புகுந்தது. பதுங்குகுழியில் இருக்கும் படைவீரன் கையிலுள்ள சிறு வாங்கி பட்டையை இடையறாது துருவி, அருகில் வரும் ட்ரோனின் கமரா காண்பதைத் தன் திரையிற் காட்டும். திரையில் வயலோ வீதியோ தெரிந்தால் ஆபத்து வேறெவர்க்கோ. தன் பதுங்குகுழியே தெரிந்தால் ஓடுவதற்கு எஞ்சியிருப்பது சில செக்கன்கள். நியூ ஜேர்சித் தெருவிற் பிறர் வீட்டை எட்டிப் பார்க்க உதவிய அதே தொழில்நுட்பம் இங்கு உயிர்காக்கும் சாதனம். ட்ரோன் செலுத்துவோர் வழக்கமான நாற்பதுக்கு வெளியே மீடிறனை நகர்த்தினர், 1.2, 3.3 கிகா ஹேட்ஸ் முதலான பட்டைகளையும் நாடினர். அதற்கேற்ப வாங்கிகளின் எல்லையும் விரிக்கப்பட்டது. எப்பட்டையைத் துருவும், எம்முறைப் படத்தை அறியும் என்னும் பழைய வினாக்களே கருவி தெரிவோர் முன் மீண்டும் நின்றன. 2024 இல், படத்தை மெல்லிய ஒளியிழை வழியே அனுப்பும் ட்ரோன்கள் களத்துக்கு வந்தன. பல கிலோமீற்றர் நீளமான இழையை அவிழ்த்தவாறு பறக்கும் அவை தம் படத்தை வானலையில் விடுவதில்லை. அவற்றின் முன் எந்த ஸ்கானரின் திரையிலும் படம் விழுவதில்லை.